துடுப்பில் காது வைத்து விடைபெறுதல்

நாவற்குடாவின் வாவிக்கரையில் நின்று கேட்பவருக்கு, நீருக்குள் எழும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காதுக்கு வந்து சேர்கிறது. மீதி நீரின் மேற்பரப்பில் உள்ளிருந்து மோதி, வந்த வழியே திரும்பிவிடுகிறது. மட்டக்களப்பு வாவியை அமைதியான நீர்நிலை என்று வெளியூர்க்காரர் நினைப்பதற்கு இதுதான் காரணம். அமைதி கரைக்கு மட்டும் உரியது. உள்ளே ஓயாத சந்தடி.

இந்த ஊரில் நெடுநாள் தங்கியிருந்துவிட்டுப் புறப்படும் நேரம் இது. கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் என்று, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நீளும் ஒடுங்கிய நிலம் இது. இங்கே ஒருவர் கிளம்புவது ஐந்து நிமிடத்தில் முடியும் காரியமல்ல. "இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று தொடங்கி, "மறுகா எப்ப மனே வருவீங்க?" என்று வாசலில் முடியும்வரை அதற்கு ஒரு முறை இருக்கிறது. மனிதரிடம் விடைபெற அது போதும். மத்தளமும் உடுக்கும், குளிர்த்திப் பாட்டும், வாவிக்குள் பாடுவதாகச் சொல்லப்படும் உயிரும் நிறைந்த ஓர் ஊரின் ஒலியிடம் எப்படி விடைபெறுவது? அந்த ஒலி காதுக்குள் எப்படி நுழைகிறது, ஊரைவிட்டுப் போன பிறகு எங்கே தங்குகிறது? இந்தக் கேள்விகளுக்கு அறிவியல் தரும் விடைகள் வாவியைப் போலவே ஆழமானவை.

முதலில் நீருக்குள் இருக்கும் பாட்டை வெளியே எடுக்கும் வழி. வாவி மீனவர்களின் பழைய உபாயம் ஒன்று உண்டு. தோணியை ஆட்டமில்லாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது, நீரில் 1,500 மீட்டர். ஆனால் வேகத்தைவிட முக்கியமானது, ஓர் ஊடகத்தை அசைப்பது எவ்வளவு கடினம் என்பது. அடர்த்தியையும் ஒலியின் வேகத்தையும் பெருக்கினால் அந்தக் கடினத்தின் அளவு கிடைக்கும். நீருக்கும் காற்றுக்கும் இடையே அது சுமார் 3,600 மடங்கு வேறுபடுகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசம் உள்ள எல்லையை ஒலி எளிதில் கடக்காது. மரத்தின் கதை வேறு. இழையோட்டத்தின் வழியே மரத்தில் ஒலி நொடிக்கு நாலாயிரம் மீட்டர் அளவில் ஓடும். மரத்தின் அடர்த்தியோடு அதைப் பெருக்கிப் பார்த்தால் வரும் எண் நீரின் எண்ணுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆகவே நீரிலிருந்து மரத்துக்கு ஒலி தடையின்றி ஏறுகிறது. மரத்திலிருந்து காதுக்கு அருகேயுள்ள எலும்புக்கு, எலும்பிலிருந்து உட்செவிக்குப் போய்விடுகிறது. இடையில் காற்று என்ற சுவரே வருவதில்லை. எந்தக் கணக்கும் போடாமல், தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்த கருவியைக் கொண்டே மீனவர்கள் அந்தச் சுவரைத் தாண்டியிருக்கிறார்கள்.

இதே சுவர் நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருக்கிறது. ஒலியை உணரும் உட்செவி, நத்தைச் சுருள் போன்ற சிறு குழாய். அதற்குள் இருப்பது உப்பு கலந்த நீர்மம். வெளியிலிருந்து காற்றில் வரும் ஒலி அந்த நீர்மத்தை நேராகத் தொட்டிருந்தால், வாவியில் நடப்பதுதான் தலைகீழாக நடந்திருக்கும். பெரும்பகுதி திரும்பிப் போயிருக்கும். அதைத் தடுக்கத்தான் நடுச்செவியில் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றன. செவிப்பறையின் பரப்பு, உட்செவியின் வாசலைவிட ஏறத்தாழ பதினேழு மடங்கு பெரியது. பெரிய பரப்பில் விழும் அழுத்தத்தைச் சிறிய வாசலில் குவித்து, காற்றின் மெல்லிய அசைவால் நீர்மத்தை அசைக்க வைக்கின்றன அந்த எலும்புகள். அவற்றில் கடைசியாக உள்ள அங்கவடி எலும்பு, நம் மூதாதையரான மீன்களில் தாடையைத் தாங்கி நின்ற எலும்பின் வழிவந்தது. நீரைவிட்டுக் கரையேறிய உயிர்கள் காற்றின் ஒலியைக் கேட்கப் பழகியபோது, மீனின் முகத்திலிருந்த எலும்பு காதுக்குள் குடிபுகுந்தது. மீன் பாடுகிறதா என்று கேட்கக் குனியும் காதுக்குள்ளேயே மீனின் எலும்பு இருக்கிறது.

வாவியின் பாட்டைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய குறிப்புகளில் மிகவும் பேசப்படுவது, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் எழுதியது. 1848 செப்டம்பரில் அவர் மட்டக்களப்புக்கு வந்தார். நிலா ஏறிய பிறகு தோணியில் போய்க் கேட்டார். அவர் குறித்திருப்பது ஒற்றைத் தொடர்ச்சுரம் அல்ல. நனைத்த விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலியைப் போல, தனித்தனியாகத் தெளிந்து கேட்கும் எண்ணற்ற சிறு ஒலிகள். மேல்தாயியும் கீழ்த்தாயியும் கலந்தவை. தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அந்த அதிர்வு பல மடங்கு கூடியது என்றும் எழுதியிருக்கிறார். துடுப்பின் கணக்கு அங்கேயும் சரியாக வருகிறது. ஒலி இடத்துக்கு இடம் மாறியது. ஓரிடத்தைத் தாண்டியதும் மறைந்தது, திரும்பி வந்ததும் மறுபடி கேட்டது. ஆகவே பாடுவது எதுவானாலும் அது அடியில் ஓரிடத்தில் நிலைத்திருக்கிறது என்று அவர் முடிவுசெய்தார்.

பாடுவது எது? மீனவர்கள் டெனன்டிடம் மீனைக் காட்டவில்லை. ஊரி குளிறுகிறது என்றார்கள். சேற்றிலும் கண்டலடியிலும் கிடக்கும் ஊரிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரும் மெல்லுடலிகள்தான் பாடுகின்றன என்ற பக்கமே சாய்ந்தார். பின்னாளில் மட்டக்களப்பு 'மீன்பாடும் தேன்நாடு' ஆகி, மீன் ஊரியை வென்றுவிட்டது. 1950களில் மட்டக்களப்பில் பணிசெய்த அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங், நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி இந்தப் பாட்டைப் பதிவுசெய்தார். ஆனாலும் பாடுவது இன்ன உயிர்தான் என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை.

மீன்கள் ஒலி எழுப்பும் என்பதில் மட்டும் ஐயமே வேண்டாம். வாவியில் தூண்டில் போட்ட எவருக்கும் கீச்சானைத் தெரியும். முள்ளைக் கழற்றும்போது அது உள்ளங்கைக்குள் கரகரக்கும். ஒலி காதில் விழுவதற்கு முன்பே அதன் துடிப்பு விரலில் ஏறிவிடும். அதன் வயிற்றுக்குள் காற்று நிரம்பிய நீந்துபை இருக்கிறது. அந்தப் பையை இழுத்து விடும் தசைகள் மிக வேகமாகச் சுருங்கி விரியும்போது பை அதிர்கிறது. தேரை மீன் என்ற இனத்தில் இந்தத் தசை நொடிக்கு இருநூறு முறை அளவில் சுருங்கக்கூடியது. முதுகெலும்புள்ள உயிர்களின் உடலில் இதைவிட வேகமான தசையைக் காண்பது அரிது. கத்தாளை மீன்களும் இதே முறையில்தான் முழங்குகின்றன. கெளிறு வேறு வழியில் போகிறது. செட்டையின் முள்ளை அதன் குழியில் உராய்ந்து ஒலி எழுப்புகிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஓயாமல் ஒரு சடசடப்பு உண்டு. அது சொடுக்கும் இறால்களின் வேலை. கொடுக்கை அவை மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி பிறந்து உடைகிறது. உடையும் கணத்தில் குமிழிக்குள் வெப்பம் ஆயிரக்கணக்கான பாகைக்கு ஏறுகிறது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிக் கடலுக்குள் காது வைத்த அமெரிக்கக் கடற்படையினர், முதலில் கேட்டுத் திகைத்தது இந்த இறால்களைத்தான்.

மட்டக்களப்பின் புதிருக்கு மிக நெருங்கிய உறவு கலிபோர்னியாவில் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ குடாவில் சாசலிட்டோ என்ற ஊரில் பலர் படகு வீடுகளில் வாழ்கிறார்கள். 1980களில் கோடை இரவுகளில் ஒரு ரீங்காரம் அவர்களைத் தூங்கவிடவில்லை. கழிவுநீர்ப் பம்பு என்றார்கள், இராணுவத்தின் இரகசியச் சோதனை என்றார்கள். கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு தேரை மீன். ஆண் மீன் கல்லிடுக்கில் கூடு பிடித்து, பெண்ணை அழைத்து, ஏறத்தாழ நூறு ஹெர்ட்ஸ் சுரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாமல் முனகுகிறது. படகின் அடிப்பலகை அந்த ஒலியை வாங்கி வீட்டுக்குள் நிரப்பியது. டெனன்ட் காது வைத்த தோணி செய்த வேலையும் அதுதான். இன்னுமொரு செய்தி எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் பெண் மீனின் காதே மாறுகிறது. உடலில் சுரப்புகள் கூடும்போது, ஆணின் குரலில் உள்ள உயர்ந்த அதிர்வெண்களை அதன் செவி கூடுதல் கூர்மையுடன் பிடிக்கிறது. பாட்டின் பருவத்துக்குக் கேட்பவரின் காது தயாராகிறது.

வாவியின் பாட்டுக்கும் பருவம் உண்டு. சித்திரையிலிருந்து புரட்டாதி வரையான வறண்ட மாதங்களில், முழுநிலா இரவுகளில் கேட்கும் என்பது ஊர் வழக்கு. இதில் மாயம் ஏதுமில்லை. வடகீழ்ப் பருவமழையில் வாவிக்குள் வெள்ளம் கலங்கி ஓடும், முகத்துவாரம் திறந்து உப்பின் அளவு மாறும். வறண்ட காலத்தில்தான் நீர் அசையாமல் கிடக்கும். முழுநிலாவை ஒட்டி வற்றுப்பெருக்கு கூடுகிறது. பல மீன்கள் முட்டையிட அந்த நாட்களைத் தெரிந்தெடுக்கின்றன. இடமும் முக்கியம். ஆழம் குறைந்த நீரில் தாழ்ந்த சுரங்கள் வெகுதூரம் போகா. இரண்டு மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ இருநூறு ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி சிறிது தூரத்திலேயே செத்துவிடும். பாட்டைக் கேட்க எல்லோரும் கல்லடிப் பாலத்தடியைச் சொல்வதற்கு, அங்கே நீரோட்டமும் ஆழமும் இருப்பதும், ஒட்டி வாழக் கற்களும் தூண்களும் இருப்பதும் காரணமாகலாம் என்பது என் கணிப்பு. 1924இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலம் இன்றும் புதிய பாலத்தின் அருகில் நிற்கிறது.

அந்தப் பாலத்தைத் தாண்டிக் கல்லடி உப்போடைக்கு வந்தால் சுவாமி விபுலாநந்தரின் சமாதி. காரைதீவில் 1892இல் மயில்வாகனன் என்ற பெயரோடு பிறந்த அவர் முதலில் அறிவியல் படித்தவர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் ஒரு பௌதிக மாணவர் என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. வாவியின் பாட்டை நீரரமகளிரின் இசையாகக் கண்டு கவிதை செய்த அதே மனிதர், வழக்கொழிந்த யாழைக் கணக்குப் போட்டு மீட்க முனைந்தார். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் குரலுக்கு இளி பிறக்கும், அதாவது சட்சத்துக்குப் பஞ்சமம். இப்படி அடுத்தடுத்து இளி தொடுத்துப் போனால் ஏழு சுரங்களும் வந்துவிடும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, அந்தப் பழைய நரம்புகளின் அளவுகளை அவர் பின்னங்களில் எழுதினார். ஒருவரும் கேட்டிராத ஒலியை எண்களால் கேட்டார். யாழ்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. யூலை 19இல் அவர் மறைந்தார். தாம் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலேயே அடக்கமானார். இசைக்கு விடைகொடுத்த விதங்களில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

கரையில் இருக்கும் இசையும் விடைபெறத் தெரிந்த இசை. மட்டக்களப்பின் கண்ணகி கோயில்கள் பலவற்றில் வைகாசியில்தான் கதவு திறக்கும். நாட்கணக்கில் வழக்குரை பாடுவார்கள், உடுக்கு ஒலிக்கும், கடைசி நாளில் அம்மனின் சினம் தணியக் குளிர்த்தி பாடிக் கதவடைப்பார்கள். மறு வைகாசி வரை அந்தப் பாட்டு கோயிலில் இல்லை, மனிதரின் நினைவில் மட்டும் இருக்கிறது. கூத்தும் அப்படியே. அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் விடியும்வரை வட்டக்களரியை ஆட்டிவைத்து, மங்களம் பாடி இறங்கும். அரங்கேறிய பிறகு கூத்தர்கள் வீடு வீடாகப் போய் ஆடும் வழக்கமும் உண்டு.

நினைவில் இருக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் எங்கே, எவ்வளவு துல்லியமாக? 1994இல் டேனியல் லெவிட்டின் என்ற ஆய்வாளர், இசைப் பயிற்சி இல்லாதவர்களும் அடங்கிய ஒரு மாணவர் கூட்டத்திடம், தங்களுக்குப் பிடித்த இரண்டு பாட்டுகளை நினைவிலிருந்து பாடச் சொன்னார். அவற்றில் ஒன்றிலாவது, மூலப்பதிவின் சுருதியைச் சரியாகப் பிடித்தவர்கள் ஐந்தில் இருவர். சுருதிப்பெட்டி இல்லை, சிலருக்குப் பயிற்சியும் இல்லை, ஆனாலும் சுருதி தலைக்குள் இருந்தது. 2005இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேறொரு சோதனை நடந்தது. பழக்கமான பாட்டை ஒலிக்கவிட்டு, நடுவே சில விநாடிகள் நிறுத்தினார்கள். ஒலி நின்ற இடத்திலும் மூளையின் கேட்கும் பகுதி தொடர்ந்து இயங்கியது. தெரியாத பாட்டைவிடத் தெரிந்த பாட்டில் கூடுதலாக இயங்கியது. கேட்டவர்களும் பாட்டு நிற்கவில்லை, உள்ளே ஓடியது என்றார்கள். கதவடைத்த கோயிலின் பாட்டு பதினொரு மாதம் எங்கே இருக்கிறது என்றால், அந்தச் செவிப்புலப் புறணியில், புதிதாய் ஒலிக்கும் ஆயத்தத்தோடு இருக்கிறது.

அந்த ஆயத்தம் வலிக்கவும் செய்யும். ஊர் ஏக்கத்தை ஒரு நோயாக வகுத்து, அதற்கு மருத்துவப் பெயர் சூட்டியவர் யொகானஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர். பாசல் நகரில், 1688இல். அந்நிய நாடுகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்கள், தம் மலையில் மாடு மேய்ப்போர் பாடும் மெட்டைக் கேட்டால் அழுது, படையைவிட்டு ஓடிவிடுவார்கள். அதனால் அந்த மெட்டைப் படையில் வாசிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது என்று ரூசோ 1768இல் தம் இசை அகராதியில் எழுதினார். மட்டக்களப்பிலிருந்து டொரொன்டோவுக்கும் இலண்டனுக்கும் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனி கொட்டும் ஊரில் ஒரு கூத்துத் தரு கைப்பேசியில் ஒலித்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓர் ஊரின் இசையைக் கேட்கும்போது, சுரத்தை அறியும் பகுதிகளோடு, நம் வாழ்வின் நிகழ்ச்சிகளை நம்மோடு இணைத்து வைக்கும் முன்மூளையின் நடுப்பகுதியும் சேர்ந்து விழிப்பதை மூளைப் படங்கள் காட்டுகின்றன.

ஊரில் இருக்கும்போதோ நாம் பாதியும் கேட்பதில்லை. மாறாமல் வரும் ஒலியை மூளை விரைவில் ஒதுக்கிவிடும். புதிய ஒலிக்கே விழிக்கும். கனடிய இசையமைப்பாளர் மரே ஷேஃபர், ஒரு நிலத்தின் எல்லா ஒலிகளுக்கும் அடியில் ஆதாரச் சுருதி போல ஓடிக்கொண்டிருக்கும் ஒலி உண்டு, அங்கே வாழ்பவர் அதைக் கவனிப்பதில்லை என்று 1977இல் எழுதினார். நாவற்குடாவின் ஆதாரச் சுருதி கிழக்கே கடலிரைச்சல். புறப்படப்போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து அது எனக்கு இரவெல்லாம் கேட்கத் தொடங்கியது.

சொல்லவேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. டெனன்ட் வாவியில் காது வைத்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மோட்டார் பூட்டிய படகுகளும் பாலத்தின் வாகனங்களும் எழுப்பும் ஒலி தாழ்ந்த அதிர்வெண்களிலேயே குவிகிறது. மீன்களின் குரலும் அங்கேதான். படகின் இரைச்சல் மீன்களின் அழைப்பை அவற்றின் துணைக்குக் கேட்காமல் மூடிவிடும் என்பது வேறு நாடுகளில் நிறுவப்பட்டிருக்கிறது. அழைப்பு கேட்காவிட்டால் கூடு காலி, முட்டை இல்லை. நீருக்குள் ஒலி வாங்கும் கருவி இன்று ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்கே கிடைக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் ஒன்று, நாவற்குடாப் பக்கம் ஒன்று, முகத்துவாரத்தில் ஒன்று என்று இறக்கி, ஓராண்டு முழுவதும் இரவும் பகலும் பதிவுசெய்து, நிலவின் நாளோடும் உப்பின் அளவோடும் ஒப்பிட்டால், பாடுவது ஊரியா கீச்சானா வேறெதுவுமா என்ற கேள்வி தெளியத் தொடங்கும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லடியில் விபுலாநந்தரின் பெயரால் அதன் அழகியற் கற்கைகள் நிறுவகமே வாவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. விலங்கியல் மாணவரும் இசை மாணவரும் ஒரே தோணியில் ஏறவேண்டிய வேலை இது. எங்கே தோணியை நிறுத்துவது, எந்த இரவில் துடுப்பை இறக்குவது என்பதை மீனவர்களிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். வறண்ட காலம் சித்திரையில் தொடங்குகிறது. அதற்குள் கருவிகளை வாவிக்குள் இறக்கிவிடுங்கள்.